விண்ணப்ப உறையைப் பிரிப்பதற்கு முன்: அறக்கட்டளைப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு தகவல் பாதுகாப்பு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றியுள்ள நம் அறக்கட்டளைகளில் பல மிகச் சிறியவை. ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு நகல் இயந்திரம், பகுதிநேர ஊழியர் ஒருவர், மற்றவர்கள் எல்லோரும் தொண்டர்கள். செப்டம்பர் பிறந்துவிட்டால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளிலிருந்து கல்வி உதவித்தொகை கேட்டு விண்ணப்பங்கள் வரத் தொடங்கும். பல்கலைக்கழகங்களில் மாணவர் பதிவு நடக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வரை அந்த வேலை ஓயாது. அந்த நெரிசலில்தான் புதிதாக வருபவர்களிடம் ஒரு கட்டு உறைகளைக் கொடுத்து, பிரித்து அடுக்குமாறு உட்கார வைத்துவிடுகிறோம். இது எங்கள் தவறு. உறையில் கை வைப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை சில இருக்கின்றன. இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக விண்ணப்பங்களைக் கையாண்டு வருபவள் என்ற முறையில், அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உறையைப் பாருங்கள்

பொறியியல் படிக்க இடம் கிடைத்த ஒரு மாணவி அனுப்பிய உறை என்று வைத்துக்கொள்வோம். மேலே அடையாள அட்டையின் நகல், அதன் மீது காவல் நிலையத்தில் வாங்கிய சான்றொப்ப முத்திரை. அடுத்து மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண் பட்டியல். தாய்க்கு வேலை இல்லை என்று கூறும் உறுதிமொழிப் பத்திரம். தம்பிக்கு வரும் குழந்தை உதவித்தொகை பற்றி, அரசின் சமூக உதவித்தொகை நிறுவனமான சாசா கொடுத்த கடிதம். வீட்டு முகவரியைக் காட்டுவதற்காக வைத்த நகராட்சிக் கட்டணச் சீட்டு, அதில் கட்டாமல் நிற்கும் பாக்கித் தொகை. தந்தையின் இறப்புச் சான்றிதழ். கடைசியாக, "எனக்கு ஏன் இந்த உதவி வேண்டும்" என்று அந்தப் பெண் தன் கைப்பட எழுதிய இரண்டு பக்கக் கடிதம். அதில் தாய்க்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது என்றும், தந்தை குடியால் இறந்தார் என்றும் எழுதியிருக்கிறாள்.

விண்ணப்பித்தவர் ஒருவர்தான். ஆனால் அந்த உறையில் நான்கு பேருடைய செய்திகள் இருக்கின்றன. அவர்களில் தாயாவது ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தம்பிக்குத் தன் பெயர் நம் அலுவலகத்துக்கு வந்திருப்பதே தெரிந்திருக்காது. உதவி கேட்டு வருபவர் தம்முடைய இல்லாமையை நம் முன் விரித்து வைக்கிறார். தம் குடும்பத்தின் மானத்தையும் சேர்த்தே நம்மிடம் ஒப்படைக்கிறார். அடைக்கலமாக வந்த பொருளைக் காப்பது போலத்தான் அதைக் காக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் படிகள் அனைத்தும் அதிலிருந்து பிறந்தவையே.

அடையாள எண்ணை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு இலக்கங்கள் 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆண். பதினோராவது இலக்கம் 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. இனவொதுக்கல் ஆட்சிக் காலத்தில் இன வகையைச் சுட்டும் இலக்கமும் இதற்குள் இருந்தது. எனவே ஒருவருடைய பெயரையும் இந்த எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேசையில் விட்டுச் சென்றால், அவருடைய வயது, பாலினம், குடியுரிமை ஆகிய மூன்றையும் சேர்த்து விட்டுச் சென்றதாகவே பொருள். அவர் பெயரில் கடன் வாங்கவும் கைப்பேசி ஒப்பந்தம் போடவும் முயலும் மோசடிக்காரர்கள் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

சட்டமும் பொறுப்பாளரும்

1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 14ஆவது பிரிவில், எல்லோருக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமைக்குச் செயல்வடிவம் தருவது 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டமான தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அலுவலகங்களில் எல்லோரும் 'பாப்பியா' என்று சொல்வது இதைத்தான். இதன் முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்கள் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. அறப்பணி செய்கிறோம், இலாபம் பார்ப்பதில்லை என்பதற்காக இச்சட்டம் நமக்கு விலக்கு அளிக்கவில்லை. வீட்டுக்குள் தனிப்பட்ட முறையில் வைத்துக்கொள்ளும் முகவரிக் குறிப்புகளுக்குத்தான் விலக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள்: தனிமனிதர்களைப் போலவே சங்கம், நிறுவனம், டிரஸ்ட் ஆகிய சட்ட நபர்களின் தகவலையும் இச்சட்டம் காக்கிறது. ஆகவே ஒரு முதியோர் இல்லமோ பாலர் பள்ளியோ நம்மிடம் மானியம் கேட்டு அனுப்பும் கணக்கு வழக்குகளும் இதற்குள் அடங்கும்.

ஒவ்வொரு அமைப்பிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரே இயல்பாக அப்பொறுப்புக்கு உரியவர். அவரைத் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் சேர்ந்த முதல் நாளே அவர் யார், அவருக்குத் துணையாக நியமிக்கப்பட்டவர் யார் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். சந்தேகம் எழும்போது அவரிடம்தான் போக வேண்டும். பக்கத்து மேசைக்காரரிடம் போகக் கூடாது.

படிவத்தைக் குறைப்பது

பாதுகாப்பு என்றவுடன் பூட்டையும் கடவுச்சொல்லையும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் பாதி வேலை அதற்கு முன்பே, படிவத்தை எழுதும் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. கேட்டு வாங்காத தகவல் தொலைந்து போவதில்லை. நோக்கத்துக்குப் போதுமானதாகவும் பொருத்தமானதாகவும், மிகையாக இல்லாமலும் இருக்க வேண்டும் என்றே சட்டத்தின் 10ஆவது பிரிவும் கூறுகிறது.

உங்கள் அறக்கட்டளையின் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே "இந்தப் பதிலைக் கொண்டு யார், எந்த முடிவை எடுக்கிறார்?" என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பதில் எழுத முடியாத கேள்விகளைத் தனியாகக் குறித்துத் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். நாங்கள் இப்படிச் செய்தபோது, பெற்றோர் இருவரின் அடையாள எண்களையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருப்பதும், அவற்றை யாரும் எதற்கும் பயன்படுத்தியதில்லை என்பதும் தெரிய வந்தது. முந்தைய படிவத்திலிருந்து பார்த்து எழுதிய பழக்கம், அவ்வளவுதான். வங்கிக் கணக்கு விவரத்தை எல்லா விண்ணப்பதாரரிடமும் கேட்பதும் அப்படிப்பட்டதே. தேர்வானவர்களிடம் மட்டும் பின்னர் கேட்டால் போதும். கட்டணத்தை மாணவர் எண்ணைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகச் செலுத்தும் அறக்கட்டளைக்கு மாணவரின் கணக்கு எண்ணே தேவைப்படாது.

சில வகைத் தகவல்களுக்குச் சட்டம் கூடுதல் காவல் போட்டிருக்கிறது. மத நம்பிக்கை, இனம், தொழிற்சங்க உறுப்பு, அரசியல் சார்பு, உடல்நலம், பாலியல் வாழ்க்கை, கைரேகை போன்ற உடல் அடையாளங்கள், குற்றப் பின்னணி ஆகியவை அவை. இவற்றைச் சட்டம் அனுமதிக்கும் காரணம் ஒன்று இல்லாமல் சேகரிக்கவே கூடாது.

இன விவரத்தை நம் படிவங்கள் கேட்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. நமக்கு நிதி தரும் கம்பெனிகள், கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ்ச் சமூகச் செலவுக்கான முழுப் புள்ளிகளைப் பெற வேண்டுமானால், அந்த உதவியின் மதிப்பில் குறைந்தது 75 விழுக்காடாவது ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோரை உள்ளடக்கிய பயனாளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அநியாயமான பாகுபாட்டால் பின்தங்க வைக்கப்பட்டவர்களை முன்னேற்றும் சட்டங்களுக்காக இன விவரத்தைக் கையாளலாம் என்று பாப்பியாவின் 29ஆவது பிரிவும் இடம் தருகிறது. ஆகவே கேட்கலாம். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதை அந்தக் கேள்விக்குக் கீழேயே எழுத வேண்டும். நிதி தந்தவருக்கு விழுக்காட்டை மட்டும் கொடுக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மதமும் கோயிலும் வேறு விஷயம். நம் பழைய படிவங்கள் சிலவற்றில் "எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்?" என்றும், மிகப் பழையவற்றில் சாதி என்றும் ஒரு கட்டம் இருந்தது. சமய அமைப்பு தன் உறுப்பினர்களின் சமய விவரத்தைத் தன் பணிக்காக வைத்துக்கொள்ளலாம். கல்வி உதவி தரும் அறக்கட்டளை அந்த இடத்தில் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் நேட்டால் துறைமுகத்தை அடைந்ததிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பல் பட்டியல்களில் எழுதினார்கள். ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு அல்லது மச்சம். என் பாட்டனாரின் தகப்பனார் அங்கே வலது முழங்காலில் உள்ள ஒரு தழும்பால் அடையாளம் காணப்படுகிறார். அந்தப் பட்டியல்கள் இன்று நமக்கு வேர்களைக் காட்டும் செல்வம் என்பது உண்மை. எழுதப்பட்ட நாளில், எழுதப்பட்டவர்களிடம் யாரும் எதற்காக என்று சொல்லவில்லை என்பதும் உண்மை. பிறகு 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் இந்த நாட்டு மக்கள் ஒவ்வொருவரையும் இன வாரியாகப் பட்டியலிட்டது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் அந்த வகைப்பாட்டைக் கொண்டே குடும்பங்களை வீடுகளிலிருந்து பெயர்த்தது. சாட்ஸ்வொர்த் உருவானது அப்படித்தான். ஒரு படிவத்தில் ஒரு கட்டம் என்ன செய்யக்கூடும் என்பதை நம் ஜனங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கோயில் கட்டத்தை நாங்கள் எடுத்துவிட்டோம்.

சொல்லிவிட்டு வாங்குவது

தகவலை வாங்கும்போதே, என்ன வாங்குகிறோம், எதற்காக, நாம் யார், நம் முகவரி என்ன, கட்டாயமா விருப்பமா, கொடுக்காவிட்டால் என்ன ஆகும், யாரோடு பகிர்வோம், வெளிநாட்டுக்குப் போகுமா, பார்க்கவும் திருத்தவும் அவருக்குள்ள உரிமை என்ன, ஆணையத்திடம் எப்படி முறையிடலாம் என்பவற்றையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 18ஆவது பிரிவு. வழக்கறிஞர் எழுதிய நான்கு பக்க அறிவிப்பை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கத்தில், ஆங்கிலத்திலும் இசிசூலு என்னும் சூலு மொழியிலும், தேவைப்படுகிற பெரியவர்களுக்காகத் தமிழிலும் எழுதிப் படிவத்தின் முதல் பக்கமாக வையுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர் நேரில் வந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

சம்மதம் என்ற சொல்லிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சம்மதம் என்பது தானாக விரும்பித் தருவது. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடியது. கட்டணம் கட்ட வழியில்லாமல் நம் வாசலில் நிற்பவர் எந்தக் கட்டத்திலும் டிக் போடுவார். அதை விருப்பம் என்று எண்ணிக்கொள்வது நியாயம் ஆகாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும், உதவி ஒப்பந்தத்தை நிறைவேற்றவும், வரிச் சட்டத்துக்குக் கணக்குக் காட்டவும் தேவையான தகவலுக்குச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் வேறு அடிப்படைகள் இருக்கின்றன. அவற்றையே சார்ந்திருப்பது நேர்மையானது. உண்மையிலேயே மறுக்கக்கூடிய விஷயங்களுக்கு மட்டும் சம்மதம் கேளுங்கள்.

அப்படிப்பட்ட ஒன்று புகைப்படம். காசோலை வழங்கும் விழாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துச் செய்தித்தாளுக்கும் முகநூலுக்கும் அனுப்புவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். உதவி பெற்றதை ஊரறியச் செய்வது உதவியின் விலையாகிவிடக் கூடாது. புகைப்படச் சம்மதத்தைத் தனித் தாளில், உதவி உறுதியான பிறகு, "மறுத்தாலும் உதவியில் மாற்றம் இல்லை" என்ற வரியோடு கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்கத் தொடங்கிய ஆண்டிலேயே கணிசமான பிள்ளைகள் மறுத்தார்கள். முந்தைய ஆண்டுகளின் படங்களை நான் அதற்குப் பிறகு பழைய கண்ணால் பார்க்கவில்லை.

18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலுக்குப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் முன்சம்மதம் வேண்டும். மெட்ரிக் மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. அந்தப் பாட்டிக்குச் சட்டப்படியான பாதுகாவலர் உரிமை இருக்கிறதா என்பதைத் தயங்காமல், பக்குவமாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வைத்திருப்பது

விண்ணப்பங்கள் வந்து சேரும் வாசல் ஒன்றாக இருக்கட்டும். அலுவலகத்துக்கென்று ஒரு மின்னஞ்சல், நேரில் தருபவர்களுக்குப் பூட்டிய பெட்டி. வாட்ஸ்அப்பில் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்புவார்கள். அது உங்கள் கைப்பேசியின் படத்தொகுப்பில் உங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். அலுவலகக் கோப்பில் சேர்த்ததும் கைப்பேசியிலிருந்தும், அதன் இணையப் பிரதியிலிருந்தும் அழித்துவிட்டு, அனுப்பியவருக்குச் சரியான முகவரியைச் சொல்லுங்கள். அறங்காவலர்களின் வாட்ஸ்அப் குழுவில் எந்த விண்ணப்பத்தையும் போடாதீர்கள். மூத்த அறங்காவலர் கேட்டாலும் கூடாது.

கணினியில் விண்ணப்பக் கோப்புறை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, மடிக்கணினியின் வட்டு முழுவதையும் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி செய்யும் மறையாக்கம், வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குவது ஆகியவை செலவில்லாத காரியங்கள். காகிதங்களுக்குப் பூட்டிய அலமாரி. நகல் இயந்திரத்தின் கண்ணாடிக்கு அடியில் மறந்து விட்ட அடையாள அட்டையை நான் எடுத்துக் கொடுத்த நாட்கள் பல.

தேர்வுக் குழுவுக்குப் போகும் தாளில்தான் சிறிய சமூகத்துக்கே உரிய சிக்கல் வருகிறது. குழுவில் இருப்பவர்கள் அதே தெருக்களில் வாழ்பவர்கள். யாராவது ஒருவருக்கு யாராவது ஒருவர் உறவு. அதனால் பெயரை நீக்கி, எண் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. "சாட்ஸ்வொர்த் ஏழாவது யூனிட், தாய்க்கு டயாலிசிஸ், தந்தை இல்லை, பொறியியல்" என்று எழுதினால் அந்த யூனிட்டில் வாழும் எவருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். "டர்பன், ஒரே பெற்றோர், குடும்பத்தில் நீண்டகால நோய், பொறியியல்" என்று எழுதினால் குழு முடிவெடுக்கத் தேவையானது அனைத்தும் இருக்கும். கைப்பட எழுதிய கடிதத்தை அப்படியே நகலெடுத்துச் சுற்றுக்கு விடாதீர்கள். தேவையான பகுதியைத் தட்டச்சு செய்து கொடுங்கள்.

தொலைபேசி

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். "அந்தப் பிள்ளைக்கு உதவி கிடைச்சுதா? நான் அவளோட சித்திதான், சும்மா சொல்லும்மா" என்று ஒரு குரல் கேட்கும். குரல் அன்பாகவே இருக்கும், பெரும்பாலும் உண்மையான சித்தியாகவே இருப்பார். "சித்தி, கோபிக்காதீங்க, விண்ணப்பம் போட்டவங்ககிட்ட மட்டும்தான் சொல்ல முடியும், அவங்களையே கூப்பிடச் சொல்லுங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அந்தப் பெயரில் விண்ணப்பம் வந்திருக்கிறது என்பதைக்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள். உதவி கேட்டதையே உறவினரிடம் மறைத்து வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

இன்னொரு வகை அழைப்பும் மின்னஞ்சலும் ஆபத்தானவை. மானியம் பெறவிருக்கும் அமைப்பின் பெயரில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று ஒரு கடிதம் வரும். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அவர்களுடைய அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்து பழைய கடிதங்களைப் பார்த்தே எழுதியிருப்பார்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். முதல் விண்ணப்பத்தில் உள்ள தொலைபேசி எண்ணை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஆளிடம் பேசி உறுதி செய்யுங்கள். கணக்கு எண்ணும் அடையாள எண்ணும் ஒரே நபருடையவைதானா என்று சரிபார்க்கும் சேவை வங்கிகளிடம் உண்டு, அதையும் பயன்படுத்துங்கள். பணம் அனுப்ப இருவர் ஒப்புதல் வேண்டும் என்ற விதியை எந்த அவசரத்துக்காகவும் தளர்த்தாதீர்கள்.

வெளியே கொடுப்பது

விண்ணப்பங்களை இணையத்தில் பெற்றுத்தரும் கம்பெனி, கணக்கெழுதுபவர், காகிதம் அழிப்பவர் போன்றவர்கள் நமக்காகத் தகவலைக் கையாளுகிறார்கள். அவர்களோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும்; நாம் சொன்னதைத் தவிர வேறெதையும் செய்யக் கூடாது; கசிவு நேர்ந்ததாக நம்பக் காரணம் இருந்தால் உடனே நமக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் தவறினாலும் விண்ணப்பதாரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமே. வெளிநாட்டு நிதியாளர்களுக்கோ வெளிநாட்டில் உள்ள சேமிப்பகத்துக்கோ அனுப்புவதானால், அங்கும் இதற்கு இணையான பாதுகாப்பு உண்டா என்று பார்க்கச் சொல்கிறது 72ஆவது பிரிவு. நிதியாளர் பயனாளிகளின் பெயர்ப்பட்டியலைக் கேட்டால், உடனே அனுப்பிவிடாமல், எண்ணிக்கையும் தொகுப்பு விவரமும் போதுமா என்று திருப்பிக் கேளுங்கள். போதும் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

நன்கொடையாளர்களின் தகவலும் இதே மதிப்புக்கு உரியது. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ் வரிச்சலுகைக்காக நாம் தரும் ரசீதில், 2023 மார்ச் 1 முதல், நன்கொடையாளரின் அடையாள எண், வரி எண், தொடர்பு விவரம் ஆகியவையும் சேர்க்கப்பட வேண்டியுள்ளன. அவை வரித்துறையான சார்ஸுக்கும் போகின்றன. பெயர் வெளியில் தெரிய வேண்டாம் என்று ஒருவர் கேட்டால், வரித்துறைக்குப் போவதைத் தடுக்க முடியாது என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிட்டு, ஆண்டறிக்கையிலும் விழா மேடையிலும் அவர் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் தம் கோப்பைக் கேட்டால்

என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. இருக்கிறதா இல்லையா என்ற பதிலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. கேட்பவர் அவர்தானா என்பதை உறுதி செய்துவிட்டு, 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வகுத்த 30 நாட்களுக்குள் பதில் கொடுங்கள். தவறாக இருப்பதைத் திருத்தவும், தேவையற்றதை அழிக்கவும் கேட்கலாம். ஒருவர் இப்படிக் கேட்டார் என்பதற்காக அவரைத் தொந்தரவுக்காரர் என்று கோப்பில் குறித்து வைக்காதீர்கள். சொல்லப்போனால், கோப்பில் எழுதும் எந்தக் குறிப்பையும் அவர் ஒருநாள் படிப்பார் என்று எண்ணியே எழுதுங்கள். நேர்காணல் குறிப்புகளில் "பாவம்", "அழுகிறாள்", "நம்ப முடியவில்லை" போன்ற சொற்கள் அத்துடன் குறைந்துவிடும்.

தவறு நேர்ந்துவிட்டால்

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை, தேர்வாகாதவர்களுக்கு வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தை நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே மின்னஞ்சலில், எல்லா முகவரிகளும் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்பிவிட்டோம். அனுப்பியது நான். பெறுநர் வரிசையில் உள்ள முகவரிகளில் பாதி, முழுப் பெயர்கள். ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் அந்தப் பட்டியலில் கண்டார்கள். அன்று மாலை ஒரு தாய் தொலைபேசியில் கேட்டது, "உதவி இல்லேன்னா பரவாயில்லை, ஏன் ஊருக்குச் சொன்னீங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது அந்தக் கடிதங்கள் ஒவ்வொன்றாகவே போகின்றன.

இப்படி ஏதாவது நேர்ந்தால், கணினி திருடு போனாலும், கோப்பு தவறிய இடத்துக்குப் போனாலும், அதே மணி நேரத்தில் தகவல் அலுவலரிடம் சொல்லுங்கள். அனுமதியற்றவர் கையில் தகவல் சிக்கியதாக நம்பக் காரணம் இருந்தால், ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் கூடிய விரைவில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22ஆவது பிரிவு. என்ன நடந்தது, அதனால் என்ன விளையலாம், நாம் என்ன செய்கிறோம், அவர் தம்மைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். அடையாள எண் கசிந்திருந்தால், தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதையும் எழுதி, அதைச் செய்ய உதவியும் செய்யுங்கள்.

மறைப்பதும் தள்ளிப்போடுவதும்தான் பெரிய குற்றம். 2021 செப்டம்பரில் நீதித்துறையின் கணினிகள் தாக்கப்பட்டபோது, வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளிட்ட பாதுகாப்பு உரிமங்கள் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிக் கிடந்தது வெளிப்பட்டது. அவற்றைச் சரிசெய்யுமாறு இட்ட உத்தரவை நிறைவேற்றாததற்காக, 2023 ஜூலையில் ஆணையம் அந்தத் துறைக்கு 50 லட்சம் ரேண்ட் அபராதம் விதித்தது. சட்டத்தில் உச்ச வரம்பு 1 கோடி ரேண்ட். உங்கள் அலுவலகக் கணினியின் உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள்.

அழிப்பது

நோக்கம் முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது என்பது பாப்பியாவின் 14ஆவது பிரிவு. உதவி பெற்றவர்களின் கணக்கு ஆவணங்களுக்கு வரிச் சட்டம் 5 ஆண்டுகள் கேட்கிறது. கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்பானால் 7 ஆண்டுகள். தேர்வாகாதவர்களின் உறைகளை வைத்திருக்க அப்படி எந்தக் காரணமும் இல்லை. முடிவு பற்றி யாராவது முறையிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக நாங்கள் ஓராண்டு வைத்திருக்கிறோம், அதன் பிறகு அழிக்கிறோம். ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் தேவையான எண்ணிக்கைகளைப் பெயர் இல்லாமல் முன்பே எடுத்து வைத்துவிடுகிறோம்.

அழிப்பது என்றால் மீண்டும் ஒட்டிப் படிக்க முடியாதபடி அழிப்பது. நீளக் கீற்றுகளாக வெட்டும் இயந்திரம் போதாது, பொடித் துண்டுகளாக வெட்டுவது வேண்டும். கிழித்துக் குப்பையில் போடுவதும், எடைக்குப் போடுவதும், கோயில் சமையலறைக்கு அடுப்பெரிக்கக் கொடுப்பதும் கூடாது. பழைய கணினியை யாருக்காவது தானமாகக் கொடுப்பதற்கு முன், அதன் வட்டை முறையாக அழித்துவிட்டுக் கொடுங்கள். மின்னஞ்சல் இணைப்புகள், பதிவிறக்கக் கோப்புறை, இணையப் பிரதி, நகல் இயந்திரத்தின் உள் நினைவகம் ஆகியவற்றையும் பாருங்கள்.

அழிப்புக்கென்று ஒரு பதிவேடு வையுங்கள். தேதி, எந்த ஆண்டின் எத்தனை விண்ணப்பங்கள், எந்த முறையில், யார் அழித்தார், யார் உடன் இருந்தார் என்ற ஐந்து கட்டங்கள் போதும். அழிக்கப்பட்டவர்களின் பெயர்களை அதில் எழுதாதீர்கள். எங்கள் பதிவேட்டில் கடைசி வரி சென்ற மார்ச் மாதத்தியது. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியும் நானும் இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு உறையிலிருந்தும் அசல் சான்றிதழ் ஏதாவது தவறி வந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்த மூன்றைப் பதிவுத் தபாலில் உரியவர்களுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்றவற்றை இயந்திரத்தில் இட்டோம். பின்பு இருவரும் கையெழுத்துப் போட்டோம்.